ரொட்டியை நிறுத்துவதற்கு முன் இரத்தப் பரிசோதனை: சீலியாக் நோய், ஓர் எளிய விளக்கம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் காலைப் பசியாற ஒருவர் உட்காருகிறார். "எனக்குக் குளூட்டன் ஒத்துக்காது, ரொட்டி வேணாம், தோசையே போதும்" என்கிறார். தோசை வருகிறது, தொட்டுக்கொள்ள சாம்பார் வருகிறது, குடிக்க மைலோ. தோசை சுட்டது மைதாவில் செய்த ரொட்டி சானாய் புரண்ட அதே கல்லில். சாம்பாரில் போட்ட கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது. வாசலில் நிறுத்தியதாக நினைத்த விருந்தாளி, அதாவது கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன், கொல்லைப்புறமாக மூன்று தடவை வீட்டுக்குள் வந்துவிட்டது.

அவருக்கு உண்மையிலேயே, குளூட்டன் உள்ளே போனால் குடல் சேதமடையும் சீலியாக் நோய் இருந்தால் அந்தப் பசியாறல் குடலுக்குத் தீங்கு. இல்லாவிட்டால் ரொட்டியை விட்டதே வீண். இரண்டில் எது என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை.

நம் ஊரில் நெஞ்செரிச்சல், வயிற்று உப்புசம், ஏப்பம், மலச்சிக்கல் எல்லாவற்றுக்கும் 'கேஸ்ட்ரிக்' என்று ஒரே பெயர் வைத்திருந்தோம். இப்போது அந்த இடத்தைக் 'குளூட்டன்' பிடித்துக்கொண்டு வருகிறது. குளூட்டன் என்றால் என்ன, சீலியாக் நோயில் அது உடலுக்குள் என்ன செய்கிறது, அதைப் போலவே தோன்றும் மற்றக் கோளாறுகள் எவை, எந்த வரிசையில் பரிசோதனை செய்ய வேண்டும் என்பவற்றை அடியிலிருந்து பார்ப்போம்.

குளூட்டன் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

ஒரு கைப்பிடி மைதாவை நீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, குழாயடியில் பிடித்துக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாக மாவுச்சத்து கரைந்து ஓடும். கடைசியில் கையில் ஒரு சாம்பல் நிறப் பந்து மிஞ்சும். ரப்பர் மாதிரி இழுபடும், விட்டால் சுருங்கும். அந்தப் பந்தில் பெரும்பகுதி குளூட்டன். ரொட்டி சானாய் மாஸ்டர் உருண்டையை வீசி, பின்பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிய சவ்வாக விரிக்கிறாரே, கிழியாமல் தாங்குவது இதுதான். அரிசி மாவில் அந்த வித்தை நடக்காது.

குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள புரதங்களின் கூட்டம். அதே குடும்பத்துப் புரதங்கள் பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் உண்டு. பல மொழிபெயர்ப்புகளில் ரையைக் 'கம்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நம் கம்பு வேறு செடி, அதில் குளூட்டன் இல்லை. கேழ்வரகு, சோளம், தினை, சாமை, வரகு, அரிசி, பருப்பு வகைகள் எதிலும் கிடையாது.

பெயரை வைத்து இன்னொரு குழப்பம். 'குளுட்டினஸ் ரைஸ்' என்று பொட்டலத்தில் போட்டிருப்பதைப் பார்த்துப் புலுட் அரிசியை ஒதுக்குபவர்கள் உண்டு. அங்கே அந்தச் சொல்லுக்குப் பசைபோல ஒட்டும் அரிசி என்றுதான் பொருள். புலுட்டில் குளூட்டன் துளியும் இல்லை. அஜினோமோட்டோ எனப்படும் குளூட்டமேட்டுக்கும் குளூட்டனுக்கும் பெயரில்தான் ஒற்றுமை.

குடலின் உட்பக்கம்: தேங்காய்ப்பூ துண்டு

குளித்துவிட்டுத் துவட்டும் தேங்காய்ப்பூ துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் ஆயிரக்கணக்கான சிறு நூல் வளையங்கள் நிமிர்ந்து நிற்பதால்தான் தண்ணீரை அப்படி உறிஞ்சுகிறது. பத்து வருடம் துவைத்துத் தேய்ந்து வழுவழுவென்று ஆன துண்டு அதே அளவுதான், ஆனால் உறிஞ்சாது.

சிறுகுடலின் உட்சுவரும் அப்படித்தான். அதன் மேல் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உயரமுள்ள விரல் போன்ற முளைகள் அடர்ந்து நிற்கின்றன. இவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். நாம் சாப்பிட்டதில் உள்ள சத்து இரத்தத்தில் சேருவது இவற்றின் வழியாக. சீலியாக் நோயில் இந்த முளைகள் தேய்ந்து, குட்டையாகி, முற்றிய நிலையில் தரைமட்டமாகிவிடுகின்றன.

அடி விழுவது பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில். இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதும் அதே இடத்தில்தான். அதனால்தான் சீலியாக் நோயாளிகளில் பலர் வயிற்றுவலியோடு வருவதில்லை. களைப்பு, முடி உதிர்தல், மாத்திரை விழுங்கியும் ஏறாத இரத்தச் சோகை என்றுதான் வருகிறார்கள். இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு ஏறவில்லை என்றால், மாதவிடாய் இரத்தப்போக்கு, குடல் புண் போன்ற வழக்கமான காரணங்களோடு சீலியாக்கையும் மருத்துவர் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச்சத்து சேராமல் எலும்பு மெலிவது, குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராதது, முழங்கை முழங்கால் பிட்டம் ஆகிய இடங்களில் இரண்டு பக்கமும் கடுமையாக அரிக்கும் சிறு கொப்புளங்கள் ஆகியவையும் இந்த நோயின் முகங்கள்.

இன்னொரு விளைவும் உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை வெட்டும் நொதி குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. (நொதி என்பது உணவை வெட்டிச் சிறிதாக்கும் புரதம்.) முளை தேய்ந்தால் அந்த நொதியும் போய்விடும். அப்போது தே தாரிக் குடித்தாலே வயிறு இரைகிறது. 'எனக்குப் பால்தான் ஆகாது' என்று பாலை விட்டுவிடுவார், மூல காரணம் தட்டில் ரொட்டியாக இருந்துகொண்டே இருக்கும்.

இதுவரை: கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றிலும் குளூட்டன் இருக்கிறது. சீலியாக் நோயில் அது குடலின் உறிஞ்சும் பரப்பைத் தேய்க்கிறது. அறிகுறி வயிற்றில் தெரிந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குளூட்டனே குடலை அரிக்கிறதா?

பலர் குளூட்டனை ஒரு விஷம் என்று நினைக்கிறார்கள். அமிலம் துணியைத் தின்பதுபோல அது குடலைத் தின்பதில்லை. குடலைத் தாக்குவது நம் உடலின் காவல்படையான நோயெதிர்ப்பு மண்டலம். தன் உடலையே தாக்கும் இவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பார்கள். சீலியாக் அவற்றுள் ஒன்று.

நடப்பது இது. புரதம் என்பது மணிகளைக் கோத்த நீண்ட மாலை. வயிற்று நொதிகள் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகின்றன. குளூட்டன் மாலையில் சில இடங்கள் மட்டும் முற்றிய முருங்கைக்காய் நார் மாதிரி, எத்தனை மென்றாலும் அறுபடாது. யாருடைய வயிற்றிலும் அறுபடாது, நோய் இல்லாதவர்கள் வயிற்றிலும்கூட. 2002இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு ஆய்வாளர்கள் 33 மணிகள் கொண்ட அப்படியொரு துண்டை அடையாளம் கண்டார்கள். பெரும்பாலானோர் உடலில் இந்தத் துண்டுகள் வம்பு செய்யாமல் போய்விடுகின்றன.

வம்பு தொடங்க இரண்டு பேர் சேர வேண்டும். முதலாமவர் குடற்சுவரில் உள்ள திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி. காயத்தை ஆற்றுவது போன்ற நல்ல வேலைகளைச் செய்துகொண்டிருக்கும் அது, குளூட்டன் துண்டின் சில மணிகளைச் சற்றே மாற்றிவிடுகிறது. அந்த மாற்றத்தால் துண்டுக்கு ஒட்டும் தன்மை கூடுகிறது.

இரண்டாமவர் பரம்பரையாக வரும் ஒரு தாம்பாளம். நம் உயிரணுக்கள் தாங்கள் கண்டெடுத்த பொருளைத் தாம்பாளத்தில் வைத்துக் காவல்படைக்குக் காட்டுகின்றன. அந்தத் தாம்பாளம் எந்த வடிவம் என்பது பெற்றோரிடமிருந்து வருகிறது. எச்.எல்.ஏ. டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு வடிவங்களில் மட்டும், மாற்றப்பட்ட குளூட்டன் துண்டு கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. அதைப் பார்த்த காவல் அணுக்கள் 'எதிரி' என்று முரசறைகின்றன. வீக்கம் வருகிறது, கலவரத்தில் குடலுறிஞ்சிகள் அடிவாங்கித் தேய்கின்றன.

திருடனோடு நின்றவனும் சேர்ந்து மாட்டிக்கொள்வதுபோல, குளூட்டன் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நொதியின் மேலும் வழக்கு விழுகிறது. உடல் அதற்கு எதிராகவும் எதிர்ப்பொருள்களைச் செய்கிறது. (எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரு பொருளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் இரத்தப் புரதம்.) ஜெர்மனியில் டெட்லெஃப் ஷூப்பான் குழுவினர் 1997இல் கண்டுபிடித்த இந்த உண்மைதான் இன்றைய இரத்தப் பரிசோதனைக்கு அடிப்படை.

தாம்பாளம் இருந்தாலே நோய் என்று பொருளில்லை. பல நாட்டு மக்களில் நூற்றுக்கு 30 முதல் 40 பேரிடம் இந்த மரபணு வடிவங்களில் ஒன்று இருக்கிறது. அவர்களில் சில விழுக்காட்டினருக்கே நோய் வருகிறது. மற்றவர்களுக்கு ஏன் வருவதில்லை என்பதே இத்துறையின் பெரிய ஆராய்ச்சிக் கேள்வி.

வாழைப்பழம் தந்த தவறான பாடம்

1924இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர், சீலியாக்கால் மெலிந்த குழந்தைகளுக்கு வாழைப்பழத்தை மையமாக வைத்து ஓர் உணவுமுறை கொடுத்தார். குழந்தைகள் தேறினார்கள். வாழைப்பழத்துக்குப் பெரிய பெயர் கிடைத்தது. உண்மையில் அந்த உணவுப் பட்டியலில் ரொட்டி இல்லை. அதுதான் காரணம். பழத்தை மருந்தென்று நம்பியதால், தேறியபின் ரொட்டிக்குத் திரும்பிய பிள்ளைகளின் குடல் மறுபடி அடிவாங்கியது.

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் வில்லெம் டிக்கே. கோதுமைமேல் அவருக்குப் போருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காமல் மக்கள் பட்டினி கிடந்தபோது, அவருடைய சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். அதோடு அவர் நிற்கவில்லை. கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் மலத்தில் கொழுப்பு எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்துத்தான் 1950இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். ஹாஸ், டிக்கே இருவருமே குழந்தைகள் தேறியதைக் கண்டவர்கள். எதனால் தேறினார்கள் என்று அளந்தவர் டிக்கே.

ரொட்டியை விட்டதும் 'வயிறு லேசாச்சு' என்பவர்கள் ஹாஸ் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள்.

நம்மவர்களுக்கு வருமா?

'இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி' என்ற பேச்சு இன்னும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமாக இருந்த 562 மலேசிய இளைஞர்களின் இரத்தத்தைப் பரிசோதித்து 2015இல் வெளியிட்ட முடிவு: 1.25 விழுக்காட்டினரிடம் சீலியாக் எதிர்ப்பொருள்கள் இருந்தன. மலாய், சீனர், இந்தியர் மூன்று பிரிவிலும் இருந்தன. இது இரத்தக் கணக்கு மட்டுமே, குடல் திசுவைப் பார்த்து உறுதிசெய்த கணக்கல்ல. ஆனாலும் 'இங்கே கிடையாது' என்று இனிச் சொல்ல முடியாது.

தமிழர்களுக்கு இதைவிடச் சுவாரசியமான கணக்கு இந்தியாவிலிருந்து வருகிறது. 2016இல் வெளியான பெரிய ஆய்வில் இரத்தத்தில் சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 விழுக்காடு, தென்னிந்தியாவில் 0.10 விழுக்காடு. ஆனால் தாம்பாள மரபணு? வடக்கே 38, தெற்கே 36 விழுக்காடு, கிட்டத்தட்ட சமம். வேறுபட்டது தட்டு: வடக்கே ஒருவர் நாளுக்குச் சுமார் 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம். சோறும் இட்லியும் சாப்பிட்ட வரை அந்த மரபணுவுக்கு வேலையே இல்லை என்று இதைப் படிப்பதே பொருத்தம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் காலையில் ரொட்டி சானாய், மதியம் மீ கோரெங், இரவு சர்க்கரை நோய்க்குப் பயந்து சப்பாத்தி என்று ஆகிவிட்ட தட்டு, தென்னிந்தியத் தட்டைப் போல இல்லை.

ஒரே புகை, வேறு வேறு அடுப்பு

கோதுமை சாப்பிட்டபின் வரும் தொல்லைகள் எல்லாம் சீலியாக் அல்ல.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு வகை எதிர்ப்பொருளால் வருவது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வரும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. சீலியாக்கில் அப்படி உடனடி ஆபத்து இல்லை, சேதம் வாரக்கணக்கில் மெல்ல நடக்கும்.

அடுத்து, நம்மிடையே அதிகம் இருக்கக்கூடியதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் ஒன்று. கோதுமையில் குளூட்டன் மட்டுமல்ல, ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகையும் உண்டு. சிறுகுடலால் உறிஞ்ச முடியாத அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் புளித்து வாயு உண்டாக்கும். உணர்ச்சி மிகுந்த குடல் உள்ளவர்களுக்கு அந்த வாயுவே வலி. 'குளூட்டன் ஆகாது' என்று தாங்களே முடிவுசெய்திருந்த, சீலியாக் இல்லாத 59 பேரை வைத்து நார்வே ஆய்வாளர்கள் 2018இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குளூட்டன், ஃபிரக்டான், இரண்டும் இல்லாதது என மூன்று வகைத் தின்பண்டத்தை எது எதுவென்று சொல்லாமல் ஒவ்வொரு வாரம் கொடுத்தார்கள். அதிகத் தொல்லை தந்தது ஃபிரக்டான். குளூட்டன் வாரத்துக்கும் ஒன்றுமில்லா வாரத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை.

இது உங்கள் கதை என்றால், சப்பாத்தியை விட்டுவிட்டுச் சின்ன வெங்காயச் சாம்பாரும் பூண்டுக் குழம்பும் தொடர்வதில் பயன் குறைவு. வெங்காயத்திலும் பூண்டிலும் ஃபிரக்டான் நிறைய. இங்கே அளவைக் குறைத்தாலே போதும், துளியையும் துரத்த வேண்டாம். சீலியாக்கில் துளிக்கும் இடமில்லை. இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே சரியான பெயர் தெரிய வேண்டும்.

மூன்றாவது, வெப்பமண்டல ஸ்ப்ரூ. கிருமித் தொற்றையடுத்து வருவதாகக் கருதப்படும் இந்நோயிலும் குடலுறிஞ்சிகள் தேயும். தமிழ்நாட்டில் 1960களில் இது ஊர் ஊராகப் பரவியபோது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பேக்கரும் மாதனும் இதை ஆழமாக ஆராய்ந்தார்கள். இதற்கு மருந்து ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் அமிலமும். ரொட்டியை நிறுத்தி ஆகப்போவது எதுவுமில்லை. தேய்ந்த குடலைப் பார்த்த மாத்திரத்தில் சீலியாக் என்று முத்திரை குத்தக்கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

இதுவரை: ஒவ்வாமை, ஃபிரக்டான், ஸ்ப்ரூ, சீலியாக் ஆகிய நான்கிலும் தொல்லை ஒன்றுபோலத் தோன்றலாம். வைத்தியம் நான்குக்கும் வேறு.

பரிசோதனை: வரிசை தப்பினால் எல்லாம் தப்பு

எதிர்ப்பொருள் உருவாவது குளூட்டன் உள்ளே வரும்வரைதான். நிறுத்தினால் வாரங்களில் குறையத் தொடங்கி, மாதங்களில் இல்லாமலே போகலாம். கோதுமையை ஆறு மாதம் விட்டுவிட்டுப் போய்ப் பரிசோதித்தால் 'இல்லை' என்று வரும். அது நோய் இல்லை என்பதா, தடயம் அழிந்துவிட்டது என்பதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே முதல் விதி: பரிசோதனை முடியும்வரை ரொட்டியை விடாதீர்கள்.

பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்வது, பரிசோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு சாப்பிட்டிருக்க வேண்டும் என்று. ஏற்கெனவே விட்டவர்கள் மருத்துவரோடு பேசித் திரும்பத் தொடங்க வேண்டும். ஒரு ரொட்டித் துண்டில் சுமார் இரண்டு கிராம் குளூட்டன் இருக்கிறது. ஒரு ரொட்டி சானாயில் மாவின் அளவைப் பொறுத்து நான்கைந்து கிராம். ஒவ்வாமையால் மூச்சிரைப்பு வந்த அனுபவம் உள்ளவர்கள் இதை வீட்டில் தாங்களாகச் செய்யவே கூடாது.

இரத்தத்தில் பார்ப்பது திசு டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான ஐஜிஏ வகை எதிர்ப்பொருள். ஆய்வுக்கூடத் தாளில் டிடிஜி ஐஜிஏ என்று இருக்கும். வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் கேளுங்கள், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு உடலில் ஐஜிஏ வகையே உற்பத்தியாவதில்லை, சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அப்படி. அவர்களுக்கு டிடிஜி ஐஜிஏ எப்போதும் 'இல்லை' என்றுதான் வரும். அப்போது ஐஜிஜி வகையைப் பார்க்க வேண்டும்.

இரத்தத்தில் இருந்தால் அடுத்தது என்டோஸ்கோப்பி. அரசாங்கக் கிளினிக் கேசிஹாத்தானிலிருந்தோ உங்கள் கிளினிக் டாக்டரிடமிருந்தோ கடிதம் வாங்கிக் குடல் நோய் நிபுணரிடம் போக வேண்டும். வாய்வழியாக விடும் மெல்லிய குழாயால் முன்சிறுகுடலிலிருந்து சிறு திசுத் துணுக்குகளை எடுப்பார்கள். தேய்வு திட்டுத் திட்டாக இருக்கும் என்பதால் ஒரு துணுக்கு போதாது. முன்சிறுகுடலின் தொடக்கமான குமிழ்ப்பகுதியில் ஒன்றிரண்டு, அதற்குக் கீழே குறைந்தது நான்கு என்பது நடைமுறை. 'கேஸ்ட்ரிக்' என்று என்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையை மட்டும் பார்த்திருக்கலாம். குடலில் துணுக்கு எடுத்தார்களா என்று பழைய அறிக்கையில் தேடிப் பாருங்கள். குழந்தைகளுக்கு மட்டும் ஐரோப்பிய வழிகாட்டுதல் ஒரு சலுகை தருகிறது: டிடிஜி அளவு இயல்பு எல்லையைப்போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு நாள் எடுத்த இரத்தத்தில் வேறொரு எதிர்ப்பொருளும் உறுதியானால் குழாய் விடாமலே முடிவு சொல்லலாம்.

மருந்துக்கடைகளில் கைவிரல் சொட்டு, முடி, 'உணவு ஒவ்வாமைப் பட்டியல்' என்று விற்கும் பரிசோதனைகளை நம்பிச் சீலியாக்கை முடிவுசெய்ய வேண்டாம். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை நீங்கள் எதைச் சாப்பிட்டு வந்தீர்கள் என்பதையே திருப்பிச் சொல்கின்றன.

'கொஞ்சம்' என்றால் எவ்வளவு?

2007இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே சீலியாக் நோயாளியின் குடலுறிஞ்சிகள் பாதிக்கப்பட்டன. நாளுக்குப் பத்து மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பு. ஒரு கிராம் மைதாவில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் குளூட்டன். ஆக, எட்டில் ஒரு கிராம் மாவு, ஒரு சிட்டிகையில் பாதிகூட இல்லை, அன்றைய எல்லையைத் தொட்டுவிடும். 'குளூட்டன் இல்லாதது' என்று பொட்டலத்தில் போடுவதற்கான பன்னாட்டு அளவுகோல் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது.

இந்தக் கணக்கோடு நம் சமையலறைக்குள் போவோம். பெருங்காயம் கட்டியானாலும் தூளானாலும் பெரும்பாலும் சுத்தப் பிசின் அல்ல, மாவோ பசையோ சேர்த்துத்தான் விற்கிறார்கள். பல வகைகளில் அது கோதுமை மாவு. ஒரு பானைச் சாம்பாரில் ஒருவர் பங்குக்குச் சில மில்லிகிராம்தான் வரும், ஆனால் சாம்பார், ரசம், கூட்டு, ஊறுகாய், மோர் எல்லாவற்றிலும் அதே டப்பா. அரிசி மாவு சேர்த்ததை வாங்கினால் கவலை விட்டது. முறுக்கில் மொறுமொறுப்புக்கு மைதா, உளுந்து வடை மாவு இளகினால் ஒரு கை மைதா, குர்மா கெட்டியாக ஒரு கரண்டி மாவு ஆகியவை சமைத்தவரிடம் கேட்டால்தான் தெரியும். ரவையும் சேமியாவும் கோதுமை என்பதே பலருக்கு நினைவில் இல்லை. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைப் பொங்கல் சரி, கேசரி கூடாது.

புரட்டாசி விரதத்துக்குச் சைவக் கடைகளில் வாங்கும் 'சைவக் கோழி', 'சைவ ஆட்டிறைச்சி'யில் பல வகை, மேலே குழாயடியில் கழுவியெடுத்த அதே குளூட்டன் பந்து. விரத மாதத்தில் உடல் மோசமாகிறது என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உடல் சூட்டுக்குக் குடிக்கும் பார்லித் தண்ணீர், ஹார்லிக்ஸ், பீர் எல்லாம் விலக்கு. கிச்சாப் (சோயா சாஸ்) பெரும்பாலும் கோதுமையும் சோயாவும் சேர்த்துப் புளிக்கவைத்தது. ஆகவே பீஹூனும் குவே தியோவும் அரிசியில் செய்தவையானாலும் கடையில் வதக்கித் தரும்போது கெட்டுவிடுகின்றன. குவே தியோவிலேயே கோதுமை மாவுச்சத்து கலக்கும் தயாரிப்புகளும் உண்டு. பினாங்கில் பசெம்பூரின் பொரியல் துண்டுகள் மாவில் தோய்த்தவை. நாசி கண்டாரில் சோறு சரி, பொரித்த கோழியின் மாவுப் பூச்சையும் குழம்பையும் கேட்க வேண்டும்.

மலேசிய உணவு விதிகள் 1985இன்படி பொட்டல உணவில் கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ் இருந்தால் அறிவித்தாக வேண்டும். லேபிளில் தேட வேண்டிய மலாய்ச் சொற்கள் 'கண்டும்' (கோதுமை), 'பார்லி', 'மால்ட்'. ஓட்ஸில் இயல்பாகக் கோதுமைக் குளூட்டன் இல்லை, ஆனால் ஆலையில் கோதுமையோடு கலந்துவிடுகிறது. தனியாகப் பதப்படுத்திய ஓட்ஸைப் பெரும்பாலோர் தாங்குகிறார்கள், தொடக்க மாதங்களில் அதையும் தள்ளிவைப்பது நல்லது.

பொருள் சரியாக இருந்தும் பாத்திரம் கெடுக்கும். சப்பாத்திக் கட்டை, மாவு சல்லடை, மீ வடித்த வடிதட்டு, ரொட்டித் துகள் ஒட்டிய காயா (தேங்காய் ஜாம்) பாட்டில், பூரி பொரித்த எண்ணெய் எல்லாம் தனியாக வேண்டும். காயாவுக்கு வீட்டில் இரண்டு பாட்டில் வைத்து ஒன்றில் சிவப்பு ரப்பர் வளையம் போட்டுவிட்டால் சண்டை வராது. மாமாக் கடையில் இரண்டே கேள்வி: "அண்ணே, தோசை மாவுல மைதா சேர்ப்பீங்களா? ரொட்டி சுடுற கல்லும் இதும் ஒண்ணா?" ரொட்டிக் கல்லும் அதுதான் என்றால் இட்லிக்கோ இடியாப்பத்துக்கோ மாறுங்கள். ஆவியில் வேகும் இவற்றுக்குக் கல்லோடு உறவில்லை.

மருந்து வருமா?

இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. உணவே வைத்தியம். ஆராய்ச்சி மேலே பார்த்த ஒவ்வொரு கண்ணியையும் அறுக்கப் பார்க்கிறது. துண்டை மாற்றும் நொதியைத் தடுக்கும் ஸெட்இடி1227 என்ற மாத்திரை, தினம் மூன்று கிராம் குளூட்டன் சாப்பிட்ட நோயாளிகளிடம் ஆறு வாரத்தில் குடல் சேதத்தைக் குறைத்ததாக 2021இல் முடிவு வந்தது. உடலைக் குளூட்டனுக்குப் பழக்கும் நெக்ஸ்வாக்ஸ்2 தடுப்பூசி 2019இலும், குடற்சுவர்க் கசிவை அடைக்கும் லாராசொடைட் 2022இலும் சோதனைக் கட்டத்தில் கைவிடப்பட்டன. வெற்றி பெற்றாலும் முதல் மருந்துகள் தெரியாமல் உள்ளே போகும் சிறு அளவுக்குத்தான் கைகொடுக்கும். கடையில் விற்கும் 'குளூட்டன் செரிக்கும்' மாத்திரையைப் போட்டுக்கொண்டு ரொட்டி சானாய் சாப்பிடலாம் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உறுதியான பின்

குளூட்டனை விட்ட சில வாரங்களில் உடல் தெம்பாகும். குடல் ஆற அதைவிட நாளாகும், பெரியவர்களுக்கு இரண்டு வருடமும் அதற்கு மேலும் ஆகலாம். டிடிஜியை ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம், பிறகு வருடத்துக்கொரு முறை பார்ப்பார்கள். இறங்காமல் நின்றால் எங்கோ ஒரு பெருங்காய டப்பா ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இரும்பு, வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

நோயாளியின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம், அறிகுறி இல்லாமலே. அவர்களும் டிடிஜி கொடுக்க வேண்டும். இன்று 'இல்லை' என்று வந்தவருக்குப் பின்னால் வரலாம் என்பதால் சில வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்ப்பதுண்டு. எச்.எல்.ஏ. பரிசோதனையில் தாம்பாளமே இல்லை என்று தெரிந்தால் அவருக்கு அந்தக் கவலை ஏறக்குறைய முழுதாகத் தீர்ந்தது. வீட்டில் ஒருவருக்கு உறுதியானதும் 'எல்லாருக்கும் ஒரே சமையல்' என்று அம்மா அன்றே கோதுமையை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடுவதுண்டு. நோயாளிக்கு அது நல்லது. ஆனால் அண்ணனும் தங்கையும் தங்கள் பரிசோதனை முடியும்வரை, வெளியிலாவது வழக்கம்போல ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.